சிவப்பணுவைப் பார்க்கும் முன்

ரத்தசோகை என்று சீட்டு வந்ததும் மைக்ரோஸ்கோப்பில் குனிந்துவிடுகிறோம். தவறு பெரும்பாலும் அதற்கு முன்பே, ஸ்லைடில் நடந்து முடிந்திருக்கும்.

இடிடிஏ குழாயில் எடுத்த ரத்தத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஸ்மியர் போட்டுவிடுங்கள். ஆறப்போட்டால் நல்ல அணுவுக்கும் ஓரமெல்லாம் முள் முளைக்கும்; சிறுநீரகக் கோளாறோ என்று மயங்குவோம். ஸ்லைடின் ஒரு முனையருகே சிறு துளி. இன்னொரு ஸ்லைடை 30 முதல் 45 டிகிரி சாய்த்துத் துளியில் தொட்டு, ரத்தம் விளிம்பு நெடுகப் பரவியதும் ஒரே வீச்சில் தள்ளுங்கள். கை தயங்கினால் வரிவரியாக விழும். ரத்தம் நீர்த்திருந்தால் சாய்வைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்ளுங்கள்.

உலர்ந்ததும் லீஷ்மன் சாயம், 2 நிமிடம். அதன்மேல் இரு மடங்கு பஃபர் நீர், பிஹெச் 6.8, 7 முதல் 10 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். சாயத்தில் ஈரம் சேர்ந்திருந்தால் அணுக்களுக்குள் பளபளக்கும் குழிகள் தெரியும். அது நோயல்ல.

முதலில் 10 லென்ஸில் ஸ்லைடு முழுக்க ஒரு நடை. வாலுக்குச் சற்று முன்பு, அணுக்கள் தொட்டும் தொடாமலும் கிடக்கும் இடத்தில் நிறுத்தி, எண்ணெய் விட்டு 100 லென்ஸுக்கு மாறுங்கள். வால் நுனியில் எந்த அணுவுக்கும் நடு வெளிறல் தெரியாது. அங்கே பார்த்து ‘ஸ்பீரோசைட்’ என்று எழுதிவிடாதீர்கள்.

சிவப்பணு 7-8 மைக்ரான், சிறிய லிம்போசைட்டின் உட்கரு அளவு. நடு வெளிறல் மூன்றில் ஒரு பங்கு. வெளிறல் விரிந்து, சின்னதும் பெரியதுமாக, இடையிடையே பென்சில் போல நீண்டிருந்தால் இரும்புச்சத்துக் குறைவை நினையுங்கள். எல்லாமே சின்னது, நடுவில் பொட்டு வைத்த டார்கெட் அணுக்கள், சிவப்பணு எண்ணிக்கையும் குறையவில்லை என்றால் தலசீமியா கேரியராக இருக்கலாம். இரும்பு மாத்திரை எழுதும் முன் ஹெச்பிஎல்சி பாருங்கள். முட்டை வடிவப் பெரிய அணுவோடு ஆறு மடல் நியூட்ரோஃபில் கண்டால் பி12, ஃபோலேட் பக்கம் போங்கள்.

அரிவாள் அணுவைப் பற்றி 1910இல் சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக் எழுதினார். நீலகிரிப் பழங்குடியினரிடம் இருப்பது 1952இல் பதிவானது. அரிவாள் அணு கேரியரின் ஸ்மியர் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். ஸ்மியர் சரியென்று அவர்களை அனுப்பிவிடக் கூடாது.

உடைந்த ஹெல்மெட் போன்ற துண்டணுக்கள் தெரிந்து, பிளேட்லெட்டும் குறைந்திருந்தால் ரிப்போர்ட் அச்சாகும்வரை காத்திருக்காதீர்கள். டாக்டருக்கு உடனே போன் செய்யுங்கள்.