தானியச் சட்டம் புகட்டும் பாடம்

அயல்நாட்டுத் தானியத்தின்மீது விதிக்கப்படும் சுங்கவரியைச் செலுத்துவோர் யாவர்? துறைமுகத்தில் வணிகன் செலுத்துகின்றான் என்பது மேற்போக்கான விடை. உண்மை விடையை இங்கிலாந்து தேசத்துச் சரித்திரத்திற் காணலாம்.

நெப்போலியனுடன் நிகழ்ந்த யுத்தம் முடிவுற்ற 1815-ஆம் ஆண்டில், உள்நாட்டுக் கோதுமையின் விலை குவார்ட்டர் ஒன்றுக்கு 80 ஷில்லிங்கை எட்டும்வரை பிறநாட்டுக் கோதுமையை விற்றலாகாதெனப் பார்லிமெண்டு சட்டம் இயற்றிற்று. அச்சபையில் நிலவுடைமையாளரே மிக்கிருந்தனர். அவர்தம் குத்தகை வருவாயைக் காக்கும் பாரம், ரொட்டி விலையின் வழியாக, ஏழைத் தொழிலாளியின்மேல் வீழ்ந்தது. விலைக்கேற்ப ஏறியிறங்கும் வரி 1828-இல் ஏற்பட்டும் குறை தீர்ந்திலது. காப்டன், பிரைட் முதலியோர் 1839 முதல் மாஞ்செஸ்டர் நகரில் சங்கம் அமைத்துப் போராடினர். 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழியவே, பிரதம மந்திரி பீல் மறு ஆண்டில் சட்டத்தை நீக்கினார், அவரது கட்சி பிளவுற்றது, பதவியும் போயிற்று.

நிற்க. 1870-க்குப்பின் இருப்புப்பாதையும் நீராவிக் கப்பலும் அமெரிக்கக் கோதுமையை மலிவாய்க் கொணர்ந்தபோது, ஆங்கில உழவர் நலிந்தனர். ஜெர்மனியோ 1879-இல் தானியவரி விதித்துத் தன் உழவரைக் காக்க முற்பட்டது.

ஆதலின், வரி உண்போர் கைப்பொருளை விளைப்போர்க்கும் நிலமுடையோர்க்கும் மாற்றும் கருவியாம். கொடுப்போர் யாவர், பெறுவோர் யாவர் என ஆராய்ந்த பின்னரே அதனைப் புகழ்தலும் இகழ்தலும் தகும்.