ஒட்டாத மூச்சுக்குழல்

அமெரிக்க நாட்டின் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரில், 1963ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 11ஆம் நாள், ஜேம்ஸ் ஹார்டி என்னும் அறுவை மருத்துவர், இறந்தவர் ஒருவரின் நுரையீரலை நோயாளி ஒருவரின் மார்பினுள் பொருத்தினார். மாந்தர்க்கு அவ்வாறு செய்தது அதுவே முதன்முறை. அந்நோயாளி 18 நாள்கள் உயிரோடிருந்து, சிறுநீரகம் செயலற்றமையால் மாண்டார். பின்னர்ப் பல நாட்டு மருத்துவரும் முயன்றனர். பெல்ஜிய நாட்டில் 1968இல் அறுவை பெற்ற ஒருவர் பத்துத் திங்கள் வாழ்ந்தார்; ஏனையோர் அதற்கு முன்னரே மறைந்தனர். அவர்களுள் பலருக்குப் புதிய நுரையீரலின் மூச்சுக்கிளைக்குழலைப் பழைய குழலோடு தைத்த இடம் ஒட்டவேயில்லை.

நுரையீரலுக்குக் குருதி இரு வழிகளில் வருகின்றது. தூய்மை பெறுதற்பொருட்டு இதயத்திலிருந்து வரும் பெருவெள்ளம் ஒன்று. குழலின் சுவருக்கு உணவும் உயிர்வளியும் கொணரும் நுண்ணிய நாளங்கள் மற்றொன்று. அறுவையின்போது அறுபடும் இந்நாளங்கள் பெரும்பாலும் மீண்டும் இணைக்கப்படுவதில்லை. ஆற்றைத் திறந்துவிட்டு, வயலுக்குச் செல்லும் வாய்க்காலைத் தூர்த்தது போன்ற நிலை அது. குருதி பெறாத குழல்முனை அழுகும், தையல் பிரியும், காற்று மார்பினுள் கசியும்.

கனடா நாட்டு டொராண்டோ நகரில் ஜோயல் கூப்பர் என்பார் 1978இல் நுரையீரல் பொருத்திய நோயாளியும் மூன்றாம் வாரத்தில் இணைப்பு விட்டு இறந்தார். கூப்பர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காரணம் தேடலானார். அவருடைய பெருமை அதில்தான் உள்ளது. அவர் குழுவினர் நாயின் நுரையீரலை அறுத்தெடுத்து, அதே நாய்க்கு மீண்டும் பொருத்தினர். தன் உறுப்பே ஆதலின் உடல் அதனை எதிர்க்க இடமில்லை. அவ்வாறிருந்தும், உறுப்பெதிர்ப்பை அடக்க வழக்கமாகத் தரும் ஸ்டீராய்டு மருந்தை அளித்தபோது காயம் வலுவாக ஆறவில்லை. காக்கத் தந்த மருந்தே கேடு செய்தது!

இனிக் குருதிக்கு வழி வேண்டும். குடலின் முன்னே முன்றானைபோல் தொங்கும் கொழுப்புச் சவ்வை மேலே இழுத்து, இணைப்பைச் சுற்றிப் போர்த்தினர். சில நாள்களில் அச்சவ்வின் நாளங்கள் குழலினுள் வேரோடின. சைக்ளோஸ்போரின் என்னும் புதுமருந்து ஸ்டீராய்டின் தேவையைக் குறைத்தது. 1983 நவம்பர் 7ஆம் நாள் டொராண்டோவில் அறுவை பெற்றவர் ஆறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

இன்று அப்போர்வையும் பெரும்பாலும் வேண்டப்படுவதில்லை. பொருத்தும் குழலைக் குறுகத் தறித்தால் முனைக்குக் குருதி எளிதில் எட்டுகின்றது. எனினும், சிலர்க்கு இணைப்பிடம் சுருங்கி மூச்சுத் திணறுகின்றது. பலூனால் அதனை விரித்தும், வலைக்குழாய் வைத்தும் மருத்துவர் காக்கின்றனர். எலும்பு மச்சை முதலியவற்றிலிருந்து எடுக்கும் குருத்தணுக்கள், புதுநாளங்கள் தோன்றத் துணைசெய்யும் பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றை இட்டால் இக்காயம் விரைந்து ஆறுமோ என்பதை ஆய்வாளர் ஆராய்ந்து வருகின்றனர். நோயாளிகட்கு வழக்கமாகத் தரும் மருத்துவமாக அஃது இன்னும் ஆகவில்லை.