வளவிற் கோழிக்கூடு: காற்றும் காவலும்

கமக்காரரின் வளவில் பத்துக் கோழிகள் நிற்குமாயின், பிள்ளைகளுக்கு முட்டையும் தோட்டத்துக்கு எருவும் கிடைக்கும். ஆயினும் இவ்வூதியத்தைச் சிலர் ஓரிரவில் இழந்துவிடுகின்றனர். கூட்டைத் திறப்பாக விட்டவரின் கோழிகளை மரநாய் கொண்டுபோகின்றது. அதற்கு அஞ்சிப் பெட்டிபோல் அடைத்தவரின் கோழிகளோ, எச்சத்திலிருந்து எழும் கெட்ட காற்றினால் சளியும் கண்ணெரிவும் கண்டு மெலிகின்றன. சென்ற மாரியில் ஒரு வீட்டிற் சாக்கினால் நாற்புறமும் மூடிய கூட்டை விடியற்காலையில் திறந்தபோது, அதனருகே நிற்க எம்மாலேயே முடியவில்லை. காற்று உட்செல்ல வேண்டும், பகை உட்செல்லலாகாது. கூடமைக்கும் முறை முழுவதும் இதனுள் அடங்கும்.

இடம்

மழைநீர் தேங்காத மேட்டு நிலத்தைத் தெரிந்துகொள்க. கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளியிருத்தல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சுண்ணக்கற் பாறையினூடாகக் கழிவு விரைவில் நிலத்தடி நீரை அடையுமாதலால், அங்கு இதில் அசட்டை கூடாது. மரநிழல் நன்று, ஆயினும் கிளைகள் கூரையைத் தொட்டால் அவை மரநாய்க்குப் பாலமாகும். கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக அமைந்தால் காலை மாலை வெயில் நேரே உட்புகாது.

தளமும் சுவரும்

பத்துப் பேடும் ஒரு சேவலும் தங்க 6 அடி நீளமும் 4 அடி அகலமுமுள்ள கூடு போதும். ஏழரை அடி நீளமான ஆறு கப்புகளை ஒன்றரை அடி ஆழத்தில் நடுக. நிலத்துள் இறங்கும் பகுதிக்குத் தார் பூசினாற் கறையான் அரிப்புக் குறையும். நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்திற் பனஞ்சலாகைகளை முக்கால் அங்குல இடைவெளி விட்டு அறைந்து தளமிடுக. எச்சம் கீழே விழ, தளம் உலர்ந்திருக்கும். தளத்தின் கீழ் ஒவ்வொரு கப்பையும் சுற்றிக் கவிழ்த்த புனல்போலத் தகரம் அறைந்தால் எலி ஏறுவது தடைப்படும்.

சுவரின் அடிப்பாகம் ஒன்றரை அடிக்குச் சலாகைகளை நெருக்கி அறைக. அதன்மேல் இரண்டடி உயரத்துக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை போதும். கண் பெரிதான வலை மலிவெனினும் பாம்புக்கு வழிவிடும். வாடைக்காற்றோடு மழை வரும் நாட்களில் வடபுறத்தில் மாத்திரம் சாக்குத் தொங்கவிடுக, நாற்புறமும் மூடலாகாது.

கூரை

கிடுகுக் கூரை குளிர்ச்சியானது. ஆனால் மரநாய் கிடுகைப் பிரித்து இறங்கும். ஆகையாற் கிடுகின் கீழும் கம்பிவலை விரித்தல் இன்றியமையாதது. தகரம் வேய்ந்தவர்கள் வெப்பந் தணிய அதன்மேற் கிடுகு பரப்புக. தாழ்வாரம் ஒன்றரை அடி வெளியே நீளட்டும்.

உள்ளமைப்பு

கோழிகள் இரவில் உறங்க, தளத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இரு தடிகளை நீளவாட்டில் ஒரே மட்டமாகக் கட்டுக. மட்டம் வேறுபட்டால் உயர்ந்த இடத்துக்குச் சண்டை மூளும். ஒரு கோழிக்கு 9 அங்குல இடம் வேண்டும். எதிர்ப்புறச் சுவரில் ஓரடி நீள அகல உயரமுள்ள மூன்று முட்டைப் பெட்டிகளை வைக்கோலிட்டு வைக்க. இவை தடிகளிலும் தாழ்ந்திருத்தல் அவசியம். உயர்ந்திருந்தாற் கோழிகள் அவற்றிலேயே உறங்கி முட்டையை அழுக்காக்கும்.

பராமரிப்பு

பேடுகள் பெரும்பாலும் முற்பகலில் முட்டையிடுவதால், கூட்டினுள் தண்ணீர் வைத்துப் பத்து மணியளவில் திறந்துவிடுக. முட்டை புதரிற் போகாது. நாற்றுமேடைகளுக்கு வேலியிட்டுக் கிளறலைத் தடுக்க.

சிவப்பு உண்ணிகள் பகலிற் தடிகளின் வெடிப்புக்களில் ஒளிந்திருந்து இரவில் இரத்தங் குடிக்கும். தடிகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி வெயிலிற் காயவைத்து, கூட்டுக்குச் சுண்ணாம்பு பூசுக. வாரந்தோறும் எச்சத்தை வாரி அகற்றுக. புதிய எச்சம் வேரைக் கருக்கும். வைக்கோலுடன் குவித்து, ஈரங்காத்து, இடையிடையே புரட்டி, இரண்டு மூன்று மாதத்தில் நன்கு உக்கிய பின்னரே மிளகாய், கத்தரிப் பாத்திகளுக்கு இடுக.

இராணிக்கெற் நோய் எந்தக் கூட்டுக்கும் அஞ்சுவதில்லை. தடுப்பு மருந்து ஏற்றக் கால்நடை வைத்திய அலுவலகத்தை முன்கூட்டியே அணுகுக.

பொழுது சாயும்போது கோழிகளை எண்ணி அடைத்து, கதவுக்குத் தாழ்ப்பாளும் கொளுக்கியும் இடுக. காவல் ஒருநாள் தவறினும் மரநாய் அந்த நாளைத் தவறவிடாது.