கருவி கேட்பது உலோகத்தை மட்டுமா? மண்ணை வைத்து ஓர் அறிவியல் பாடம்

2020 பிப்ரவரி மாதம் திருச்சி திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் அகிலாண்டேஸ்வரி கோயில் வளாகத்தில் பணியாளர்கள் மண்ணைத் தோண்டியபோது ஒரு பாத்திரம் வெளிப்பட்டது. அதனுள் 505 பொற்காசுகள் இருந்தன. மொத்த எடை 1.716 கிலோ. கிடைத்த ஆழம் சுமார் ஏழடி. இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் வகுப்பில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடியிருந்தால் முன்னாடியே கண்டுபிடித்திருக்கலாமே, சார்?"

நல்ல கேள்வி. "ஏழடி ஆழம் கைக்கருவிக்கு எட்டாது" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் அதைச் சற்று விரித்தால் 8 ஆம் வகுப்புச் சமூக அறிவியலின் 'பாறை மற்றும் மண்', 9 ஆம் வகுப்பு அறிவியலின் 'காந்தவியல் மற்றும் மின்காந்தவியல்', கணிதத்தின் 'நிகழ்தகவு' ஆகிய மூன்றையும் ஒரே இழையில் கோத்துவிடலாம். அதற்குத் தேவையான பொருள் எல்லாப் பள்ளி வாசலிலும் கிடைக்கிறது. அது மண்.

கருவி செய்யும் வேலை

பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் காவலர் கையில் இருக்கும் கருவியை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். நிலத்தில் தேடும் கருவியும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. அதன் அடியில் இருக்கும் கம்பிச்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாய்கிறது. அதனால் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் மண்ணுக்குள் பரவுகிறது. வழியில் ஓர் உலோகத் துண்டு இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு சிறிய காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. இந்தப் பதில் புலத்தைச் சுருள் உணர்ந்து ஒலியாக மாற்றுகிறது. ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இங்கே போகும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையுமாக இரண்டு தடவை வேலை செய்கிறது.

இதில் மாணவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கருவிக்கு 'தங்கம்', 'இரும்பு' என்று எதுவும் தெரியாது. அதற்குத் தெரிவது திரும்பி வரும் காந்தப்புலம் மட்டுமே. அந்தப் பதிலை உலோகமும் தரலாம், உலோகத்தைச் சுற்றியுள்ள மண்ணும் தரலாம்.

மண் குறுக்கிடும் வழிகள்

முதலாவது, காந்தத் துகள்கள். பாறைகள் சிதைந்து மண்ணாகும்போது அவற்றிலுள்ள மேக்னடைட் என்னும் காந்தக் கனிமமும் மண்ணோடு சேர்கிறது. சேலத்துக் கஞ்சமலை இந்தக் கனிமத்துக்குப் பெயர் பெற்றது. ஆற்று மணலில் கோடு கோடாகப் படியும் கருமணலில் இது உண்டு. கருவியின் புலம் பட்டதும் இந்தத் துகள்களும் காந்தமாகிப் பதில் தருகின்றன. உலோகத்தின் பதில் சற்றுத் தாமதித்து வரும். காந்தத் துகளின் பதில் பெரும்பாலும் உடனுக்குடன் வரும். இந்த வேறுபாட்டைக் கொண்டு மண்ணின் பதிலைக் கழித்துவிடும் வசதி நல்ல கருவிகளில் உண்டு. தேடத் தொடங்குமுன் வெற்றுத் தரையில் கருவியை ஏற்றி இறக்கிச் சமன் செய்வது இதற்காகத்தான். மண் இடத்துக்கு இடம் மாறினால் அந்தச் சமனும் குலையும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். செம்மண் சிவப்பாக இருப்பது இரும்பு ஆக்சைடால்தான். ஆனால் அந்த நிறத்தைத் தரும் ஹெமடைட் காந்தத்துக்கு மிகக் குறைவாகவே மசியும். சிவப்பு மண் அதிகம் இடையூறு தரும், வெளிர் மணல் தராது என்று நிறத்தைப் பார்த்து முடிவு கட்ட முடியாது. சோதித்துத்தான் சொல்ல வேண்டும். அதேபோல், தீயில் வெந்த மண்ணில் இரும்பு ஆக்சைடுகள் வலுவான காந்தத் தன்மையுள்ள வடிவத்துக்கு மாறுகின்றன. அதனால் பழைய அடுப்பு, சூளை இருந்த இடங்களில் உலோகமே இல்லாமலும் கருவி தடுமாறலாம்.

இரண்டாவது, உப்பும் ஈரமும். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும். எனவே ஈரமான உவர் மண்ணில், மண் முழுவதிலுமே சுழல் மின்னோட்டம் எழுகிறது. கடற்கரையின் ஈர மணலில் பல கருவிகள் காரணமின்றி ஒலிப்பது இதனால்தான். நல்ல தண்ணீரில் நனைந்த மணலில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. நம் மாவட்டத்துக்கு உப்பும் களரும் புதிதல்ல. நாவலூர் குட்டப்பட்டு வேளாண்மைக் கல்லூரி களர் நிலத்துக்கென்றே திருச்சி 1, திருச்சி 2, திருச்சி 3 ஆகிய நெல் ரகங்களைத் தந்திருக்கிறது. உழவர் குடும்பத்துப் பிள்ளைகளிடம் வீட்டிலுள்ள மண் வள அட்டையைக் கொண்டு வரச் சொல்லலாம். அதில் 'மின்கடத்துத்திறன்' என்றொரு வரி இருக்கும். உரத்துக்காக அளந்த அந்த எண், உலோகம் தேடுபவருக்கும் பொருளுள்ள எண்ணே.

மூன்றாவது, மனிதர் போட்ட இரும்பு. திருவெறும்பூர், துவாக்குடிப் பகுதியில் பெல் தொழிற்சாலையை ஒட்டி ஏராளமான சிறு தொழிற்கூடங்கள் வளர்ந்துள்ளன. வெல்டிங் ராடு துண்டு, லேத் சுருள், கிரைண்டிங் தூள் போன்றவை இத்தகைய ஊர்களின் சாலையோர மண்ணில் சாதாரணம். அங்கே கருவி ஒலித்தால் அது உண்மையிலேயே உலோகந்தான். ஆனால் நாம் தேடிய உலோகமல்ல.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. பல நூற்றாண்டு ஈர மண்ணில் கிடந்து முழுவதும் துருவாகிவிட்ட இரும்புப் பொருளில் மின்சாரம் ஓட உலோகமே மிஞ்சியிருக்காது. அங்கே பொருள் இருந்தும் கருவி தெளிவாகச் சொல்லாது போகலாம். பொன்னுக்கு அந்தச் சிக்கல் இல்லை, அது துருப்பிடிப்பதில்லை.

இவற்றோடு ஆழமும் சேர்கிறது. சுருளின் அளவைவிட ஆழம் அதிகமாகும்போது, சிறு பொருளிலிருந்து வரும் பதில் ஆழத்தின் ஆறாம் படிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஆழம் இரட்டிப்பானால் பதில் ஏறத்தாழ 64 இல் ஒரு பங்கு. பொருளின் குரல் இப்படித் தேய்ந்துகொண்டே போகிறது. மேல்மண்ணின் குரலோ அப்படியே இருக்கிறது. ஏழடிக்குக் கீழே இருந்த பொற்காசுப் பாத்திரம் மண்வெட்டிக்குக் கிடைத்ததில் வியப்பில்லை.

உயிரோடு தொடர்புள்ள பாடம்

1881 ஜூலை 2 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலில் தங்கிய குண்டைக் கண்டறிய, தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் தம் மின்தூண்டல் கருவியுடன் வந்தார். அவர் படுத்திருந்த மெத்தையில் எஃகுக் கம்பிகள் இருந்தன. அவை கருவியைக் குழப்பின. உடலின் வலப்பக்கத்தை மட்டுமே தேட மருத்துவர் அனுமதித்தார். குண்டு கிடைக்கவில்லை. செப்டம்பர் 19 இல் கார்ஃபீல்டு இறந்தார். குண்டு இடப்பக்கம் இருந்தது பிறகு தெரிந்தது. கருவி பழுதில்லை, தேடிய இடமும் பொருளைச் சுற்றியிருந்த சூழலும் அதைத் தோற்கடித்தன.

நமக்கு இன்னும் அருகில் ஓர் எடுத்துக்காட்டு இலங்கையின் வட மாகாணம். முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடிகள் நெருக்கமாகப் புதைக்கப்பட்டன. அவற்றில் பல பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனவை. உள்ளே இருப்பது சிறிதளவு உலோகமே. மண்ணிலோ தோட்டாக் கூடுகளும் குண்டுச் சிதறல்களும் நிறைந்திருந்தன. கருவியை நீட்டினால் எங்கும் ஒலி. 2002 போர்நிறுத்தத்தை அடுத்த ஆண்டுகளில் நார்வே மக்கள் உதவி அமைப்பு அங்கே வேறொரு முறையை உருவாக்கியது. நீண்ட கைப்பிடியுள்ள மண்வாரியால் இளகிய மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டி எடுத்து, புதைந்த வெடியைக் கண்ணால் காணும் முறை அது. மண்ணின் தன்மையை முதலில் படித்து, அதற்கேற்ப முறையை மாற்றிக்கொண்டார்கள். வடக்கில் இந்தப் பணியைச் செய்தவர்களில் தமிழ்ப் பெண்கள் பலர். இதை வகுப்பில் சொன்னால், 'கட்டுப்பாட்டுச் சோதனை' என்ற சொல் ஏட்டுச் சொல்லாக நிற்காது.

வகுப்பறைச் செயல்பாடுகள்

செயல்பாடு 1: காந்தத்துக்கு மசியும் மண் எது? (தொடக்க வகுப்புகளுக்கும் ஏற்றது)

ஆற்று மணல், செம்மண், வயல் களிமண், பழைய விறகு அடுப்பு இருந்த இடத்து மண், சாலையோர மண் ஆகியவற்றை மாணவர்கள் கொண்டு வரட்டும். வெயிலில் உலர்த்தி, கட்டி உடைத்து, ஒவ்வொன்றிலும் 100 கிராம் எடுக்கவும். பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி, மண்ணில் பத்து முறை கிளறவும். பையைக் கழற்றினால் ஒட்டிய துகள்கள் தாளில் உதிரும். எந்த மண்ணில் அதிகம் வரும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்லவும். நிறத்தை நம்பிக் கணித்தவர்கள் தம் கணிப்பைத் தாமே சரிபார்க்கட்டும்.

செயல்பாடு 2: மின்சாரம் கடத்தும் மண் எது?

இரண்டு ஆணிகளை ஒரே இடைவெளியில் ஒரே ஆழத்துக்குச் செருகி, மின்கலத்தோடும் மில்லி அம்மீட்டரோடும் இணைக்கவும். உலர்ந்த மண், நல்ல தண்ணீர் ஊற்றிய மண், உப்புத் தண்ணீர் ஊற்றிய மண் என மூன்று அளவீடுகள். மண்ணும் ஊற்றும் நீரின் அளவும் மாறக்கூடாது.

செயல்பாடு 3: இருக்கிறதா, இல்லையா?

பல கைப்பேசிகளில் காந்தப்புலம் அளக்கும் உணரி உண்டு. ஆனால் 'மெட்டல் டிடெக்டர்' என்ற பெயரில் வரும் செயலிகள் தங்கத்தையோ செம்பையோ காட்டமாட்டா. இரும்பைப் போன்ற காந்தப் பொருள்களையே காட்டும். காரணம், கைப்பேசி தானாகப் புலத்தை அனுப்பிப் பதில் கேட்பதில்லை. இந்த வேறுபாட்டை முதலில் விளக்கிவிடவும். இரும்பு மேசையை விட்டு விலகி, எதுவும் இல்லாத இடத்தில் அளந்தால் நம் பகுதியில் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா காட்டும். அதுவே புவியின் காந்தப்புலம்; நம் தொடக்க அளவீடும் அதுவே. ஒலிபெருக்கிக் காந்தத்தைக் கைப்பேசியின் அருகே கொண்டு செல்ல வேண்டாம்.

ஒரே மாதிரியான பத்து பிளாஸ்டிக் டப்பாக்களில் மணல் நிரப்பி, ஐந்தில் மட்டும் இரும்பு போல்ட்டைப் புதைக்கவும். எதில் என்று மாணவர்களுக்குத் தெரியக்கூடாது. ஒவ்வொரு டப்பாவின் மேலும் கைப்பேசியை ஒரே உயரத்தில் பிடித்து, 'உண்டு' அல்லது 'இல்லை' என்று குழு முடிவு சொல்ல வேண்டும். இரண்டாம் சுற்றில் எல்லா டப்பாக்களிலும் சிறு ஆணிகளையும் வெல்டிங் ராடு துண்டுகளையும் எண்ணிக்கை மாற்றி மாற்றிக் கலந்துவிடவும். கூர்மையானவற்றை ஆசிரியரே கையுறை அணிந்து கலப்பது நல்லது. முடிவுகளை நான்கு கட்டங்களில் பதியச் செய்யவும்:

இருந்தது, உண்டு என்றோம்.
இருந்தது, இல்லை என்றோம்.
இல்லை, உண்டு என்றோம்.
இல்லை, இல்லை என்றோம்.

இரு சுற்றுகளுக்கும் பின்னங்களை ஒப்பிட்டால் நிகழ்தகவுப் பாடம் கண்முன்னே நிற்கும். பிறகு ஒரு விவாதம்: நடுவிலுள்ள இரண்டு தவறுகளில் எது பெரிது? புதையல் தேடுபவருக்குப் பொய்யான ஒலி ஒரு வீண் குழி. கண்ணிவெடி அகற்றுபவருக்குத் தவறவிட்ட ஒன்று ஒரு கால், அல்லது ஓர் உயிர். அதனால் அவர் பொய்யான ஒலிகள் பலவற்றைப் பொறுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் சோதிக்கிறார். நோயறியும் பரிசோதனைகளிலும் இதே கணக்குத்தான் என்று சுட்டிக்காட்டலாம்.

ஆர்வம் சட்டத்தை மீறாமல்

இந்தப் பாடம் முடிந்ததும் சில மாணவர்களுக்குத் தோண்டிப் பார்க்கும் ஆசை வரும். திருவெறும்பூர் எறும்பீஸ்வரர் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அங்கோ பிற பழமையான இடங்களிலோ அனுமதியின்றித் தோண்டக்கூடாது. 1878 ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். காரணத்தையும் சொல்லவேண்டும்: எந்த மண் அடுக்கில், எதற்கு அருகில் கிடந்தது என்பதை வைத்தே தொல்லியலாளர் ஒரு பொருளின் காலத்தையும் பயனையும் அறிகிறார். பிடுங்கி எடுத்த காசுக்கு எடை இருக்கும், வரலாறு இருக்காது.

மதிப்பீட்டுக்கு ஒரே வினா போதும். "கருவி ஒலிக்கவில்லை. எனவே அங்கு உலோகம் இல்லை." இந்தக் கூற்று சரியா? காரணம் தருக. செயல்பாடுகளைச் செய்த மாணவர் மண்ணின் தன்மை, ஆழம், பொருளின் நிலை மூன்றையும் கேட்ட பிறகே விடை எழுதத் தொடங்குவார். ஆய்வகத்தில் எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும், பொருளை வைக்கும் முன் வெறுமையாக ஒரு முறை அளக்கும் பழக்கத்தை அவரிடம் அடுத்த செய்முறை வகுப்பிலேயே எதிர்பார்க்கலாம்.