திருவிழாக் கூட்டமும் ஊரின் வருவாயும்

திருவிழா என்றால் ஊர் கூடுகிறது, கடைகள் முளைக்கின்றன, மேளம் முழங்குகிறது, மறுநாட் காலையில் எல்லாம் கலைந்துவிடுகிறது. கலைந்த பின்னர் ஊரில் எஞ்சுவது யாது என்னும் வினாவை நம் ஊராட்சி மன்றங்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. கூட்டம் எவ்வளவு வந்தது என்று பெருமையுடன் பேசுகிறோம். அக்கூட்டத்தால் ஊருக்கு வந்தது எவ்வளவு, ஊரிலிருந்து போனது எவ்வளவு என்று கணக்கிடுவதில்லை. வரும் விருந்தினரால் ஊராருக்கு நிலைத்த வருவாய் உண்டாகவேண்டும். அதே சமயத்தில் ஊரின் நீரும் நிலமும் வழிபாடும் கெடாமலிருக்கவேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே கருதுவதையே இந்நாளில் நிலைத்த சுற்றுலா என்கின்றனர். அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் விழாக்களை முன்வைத்து இதனை ஆராய்வோம்.

அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டத்திற்கு அணித்தே உள்ளது கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராசேந்திர சோழன் வடநாட்டு வெற்றியின் நினைவாக அமைத்த தலைநகரம் இது. ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைமை இடமாக இருந்த இவ்வூர், இன்று வயல்கள் சூழ்ந்த ஒரு சிற்றூர். 53 மீட்டர் உயர்ந்த விமானத்துடன் பெரிய கோயில் மட்டும் பழம்பெருமைக்குச் சான்றாக நிற்கிறது. 2004-ஆம் ஆண்டில் இக்கோயில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. இராசேந்திரன் பிறந்த நாண்மீன் ஆடித் திருவாதிரை என்பதைத் திருவாரூர்க் கல்வெட்டு ஒன்று தெரிவிக்கிறது. அவன் அரியணை ஏறிய ஆயிரமாவது ஆண்டு நிறைவு 2014-இல் இங்குக் கொண்டாடப்பட்டது. 2025-ஆம் ஆண்டு சூலை 23 முதல் 27 முடிய ஆடித் திருவாதிரை விழா ஐந்து நாட்கள் நிகழ்ந்தது. இறுதி நாளில் இந்தியப் பிரதமரே வந்து கலந்துகொண்டார். இதுவன்றி, ஐப்பசிப் பௌர்ணமியன்று நடைபெறும் அன்னாபிஷேகமும் பெரும் கூட்டத்தை ஈர்க்கிறது. சுமார் நூறு மூட்டை அரிசியைச் சமைத்து, பெருமேனியுடைய சிவலிங்கத்தை அன்னத்தால் மூடும் காட்சியைக் காண நெடுந்தொலைவிலிருந்தும் மக்கள் வருகின்றனர்.

இவ்வூரின் செல்வம் வெளியூருக்குப் பயன்படுவது புதிதன்று. 1836-ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது இக்கோயிலின் மதிற்சுவரைப் பெயர்த்துக் கல் எடுத்துச் சென்றனர். அணையால் பாசனம் பெற்றவர்கள் வேறு வட்டாரத்து உழவர்கள். கல்லைக் கொடுத்த ஊருக்கு இடிந்த மதிலே மிஞ்சிற்று. இன்று கல் போகவில்லை, காசு போகிறது. கும்பகோணத்திலோ தஞ்சையிலோ தங்கும் பயணி காரில் வந்து இறங்குகிறார், ஒரு மணி நேரம் கோயிலைச் சுற்றிப் பார்க்கிறார், திரும்பிப் போய்விடுகிறார். உணவும் உறக்கமும் கும்பகோணத்தில். புழுதியும் வெற்றுப் புட்டியும் இங்கே.

இதை மாற்றுவது எங்ஙனம்? பெரிய விடுதி ஒன்று கட்டிவிட்டால் போதும் என்று சிலர் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. விழாக் கடையில் விற்கும் பொருளையே முதலில் பார்ப்போம். ஒருவர் நூறு ரூபாய்க்குத் தொழிற்சாலைப் பலகாரமும் அடைத்த குளிர்பானமும் வாங்கினால், கடைக்காரரின் சிறு கழிவு நீங்கலாக மற்றதெல்லாம் எங்கோ உள்ள தொழிற்சாலைக்குப் போகிறது. அதே நூறு ரூபாய்க்கு நீர்மோர், இளநீர், வறுத்த முந்திரி, வேகவைத்த நிலக்கடலை வாங்கினால் பெரும்பகுதி இவ்வட்டாரத்திலேயே தங்குகிறது. ஆண்டிமடம், ஜெயங்கொண்டம், செந்துறைப் பக்கங்களில் முந்திரி விளைகிறது. பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்திற்குப் பேர்பெற்றது. அங்குள்ள அரும்பாவூரின் மரச்சிற்பங்களுக்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரிய தெய்வ உருவங்களைப் பயணி தூக்கிச் செல்ல இயலாது. சாண் அளவில் ஒரு நந்தி செய்து வைத்தால் பையில் போட்டுக்கொண்டு போவார். ஊராட்சி கடைகளுக்கு இடம் ஒதுக்கும்போது உள்ளூர் விளைபொருள்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் முன்வரிசையைக் கொடுப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. அன்னாபிஷேகத்திற்கு அரிசி வழங்கும் அன்பர்களும் சுற்றுவட்டார உழவர்களிடமே கொள்முதல் செய்தால், விழாவுக்கு ஊரின் நெல்லும் உறவாகிவிடும்.

ஆண்டுக்கு ஒரு நாள் வரும் பெருங்கூட்டத்தைவிட வாரந்தோறும் வரும் சிறுகூட்டம் நன்று என்பதற்கு அண்மையிலேயே சான்று உண்டு. பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில் திங்கள், வெள்ளி ஆகிய கிழமைகளில் திறக்கப்பெறும் வழக்கமுடையது. அடியார்கள் பச்சரிசியை இடித்து அங்கேயே மாவிளக்கு இடுகின்றனர். வருவோர் எப்பொழுது வருவர் என்பது கடைக்காரருக்கும் பூக்காரருக்கும் முன்கூட்டியே தெரியும். ஆதலின் தேவைக்கு மேல் வாங்கி வாடவிடுவதில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தார் இதிலிருந்து ஒன்று கற்கலாம். ஆடித் திருவாதிரை ஆண்டுக்கு ஒருமுறைதான். மாதந்தோறும் வரும் திருவாதிரையன்று மாலையில் சிறிய சந்தையும் தெருக்கூத்தும் கிராமியப் பாடலும் வைத்துக்கொள்ளத் தடை என்ன?

உழவர்கள் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது பயிர்க் காலம். விழாநாளைக் குறிப்பவர் பஞ்சாங்கத்தைப் பார்க்கின்றனர். வண்டிகளை நிறுத்த இடம் தேடுபவர் வயலைப் பார்க்கின்றனர். ஆடித் திருவாதிரை வருவது ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் காலத்தில். மானாவாரி நிலத்தை உழுது போட்டிருக்கும் வேளையில் அதன்மேல் நூறு கார்களும் இருபது பேருந்துகளும் ஏறி நின்றால் மண் இறுகிவிடும், பெய்யும் மழை உள்ளே இறங்காது, மறுபடி உழவேண்டும். அந்த உழவுக் கூலியை யார் தருவது? அன்னாபிஷேகம் வருவதோ வடகிழக்குப் பருவமழையில். அப்பொழுது வயலில் நெல் நிற்கிறது, வரப்போரம் சேறு. ஒரு வண்டி விலகினால் பயிர் போயிற்று. ஆகவே இவ்விரு விழாக்களுக்கும் வண்டி நிறுத்துமிடத்தைத் தரிசு நிலத்திலோ புறம்போக்கிலோ முன்னரே குறித்து, அங்கிருந்து கோயில்வரை நடந்துவர வழி அமைத்தல் வேண்டும். தனியார் நிலம் வேண்டுமாயின் எழுத்து மூலம் வாடகை பேசி, உழவுக்கூலியையும் அதில் சேர்த்தல் முறை. பழையவர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலின் பெருவிழா இராமநவமியை ஒட்டி வருகிறது. அறுவடை முடிந்த காலம் அது. நிலம் ஓய்வில் இருக்கிறது. உழவர் கையில் தானியம் இருக்கிறது. அத்தானியத்தைக் காணிக்கையாகக் கொண்டுவந்து செலுத்துவதும் அவ்விழாவின் மரபாயிற்று.

அடுத்தது நீர். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விழாவுக்குப் பதினாயிரம் பேர் வருவதாகவும், ஒருவருக்கு மூன்று லிட்டர் குடிநீர் வேண்டுமெனவும் கொள்வோம். முப்பதாயிரம் லிட்டர் ஆகிறது. ஐயாயிரம் லிட்டர் கொள்ளும் லாரிகள் ஆறு வேண்டும். இதற்கு ஏற்பாடு செய்யாவிட்டால் அம்மூன்று லிட்டரும் பிளாஸ்டிக் புட்டிகளில் வரும். மறுநாள் முப்பதாயிரம் வெற்றுப் புட்டிகள் வாய்க்காலில் கிடக்கும். கச்சத்தீவை நினைத்துப் பாருங்கள். 285 ஏக்கர் பரப்புள்ள அச்சிறு தீவில் குடியிருப்பும் இல்லை, குடிநீரும் இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் அந்தோனியார் விழாவுக்கு இரு நாட்டிலிருந்தும் மக்கள் படகேறிச் செல்கின்றனர். குடிக்கும் தண்ணீரையும் கொண்டுபோயே தீரவேண்டும். கொட்டிய குப்பையையும் யாரேனும் திரும்ப எடுத்துவந்தே தீரவேண்டும். தீவில் கண்ணுக்குத் தெரியும் எல்லை, சிற்றூரில் தெரிவதில்லை; அவ்வளவே வேறுபாடு. 2019 சனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் தடை உள்ளது. அன்னதானத்தை வாழையிலையில் பரிமாறி, இலையையும் எச்சிற் சோற்றையும் குழியில் இட்டு மண் மூடினால் சில மாதங்களில் எரு கிடைக்கும். மெழுகுத்தாள் தட்டு அவ்வாறு மக்காது.

கங்கைகொண்ட சோழபுரத்தில் நீரைப் பற்றிப் பேசும்போது சோழகங்கத்தை மறக்கலாகாது. கங்கை வெற்றிக்கு நீராலேயே அமைந்த நினைவுத்தூணாக இராசேந்திரன் இவ்வேரியை வெட்டுவித்தான் எனச் செப்பேடு கூறும். பொன்னேரி என்று மக்கள் வழங்குவதும் இதனையே. கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் இதற்கு நீர் வந்தது. காலப்போக்கில் வரத்து வாய்க்கால்கள் தூர்ந்து ஏரியும் சுருங்கிற்று. இதனைச் சீரமைக்கப் போவதாக மாநில அரசு 2025-இல் அறிவித்தது. கோயிலைப் பார்க்க வருபவர் ஏரிக்கரையையும் பார்த்தால் அரைநாள் தங்குவர். அரைநாள் தங்கினால் ஒருவேளை உணவு உண்பர். ஆனால் ஏரி முதற்கண் உழவர்களுடையது. படகுச் சவாரிக்காக மதகை மூடிவைப்பது என்ற பேச்சு எழுந்தால் உறுப்பினர்கள் அப்பொழுதே மறுத்துவிடுதல் நலம்.

விருந்தினருக்காக ஊர் தன்னை மாற்றிக்கொள்வதைவிட, ஊரின் ஒழுங்குக்கு விருந்தினர் இணங்குவதே விழாவின் சிறப்பைக் காக்கும். இந்தோனேசியாவின் பாலித் தீவில் சகப் புத்தாண்டன்று மௌன நாள் கொண்டாடுகின்றனர். அன்று ஒருநாள் முழுவதும் தெருவில் யாரும் நடமாடுவதில்லை. விமான நிலையமும் மூடப்படுகிறது. பயணிகளும் விடுதிக்குள் அடங்கியிருக்கின்றனர். இதனால் பாலிக்குப் போகும் கூட்டம் குறைந்துவிடவில்லை. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளியன்று வெடி வெடிப்பதில்லை. அந்தக் கட்டுப்பாடே அவ்வூரின் புகழாயிற்று. அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 2024-இல் அது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. வலசைப் பறவைகள் நிறைந்திருக்கும் காலத்திலேயே பொங்கலும் வருகிறது. ஒலிபெருக்கியும் வெடியும் இன்றி ஏரிக்கரை ஊர்கள் பொங்கல் விழாவை நடத்தி, புதுப்பானையில் பொங்கிய பொங்கலையும் பறவைகளையும் காணப் பள்ளி மாணவர்களை அழைத்தால், அதைவிட நல்ல சுற்றுலா வேறு வேண்டுவதில்லை.

ஊராட்சிக்கு இதில் அதிகாரம் உண்டா என்று கேட்பீர்கள். அரசியலமைப்பின் பதினொன்றாம் அட்டவணையில் பண்பாட்டுப் பணிகளும் சந்தைகளும் திருவிழாச் சந்தைகளும் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்க பொருள்களாகவே குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் ஓர் எச்சரிக்கை. பாதுகாக்கப்பட்ட தொல்சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்புவதை 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தடுக்கிறது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெறவேண்டும். கடைக்கட்டடமோ கழிப்பறையோ கட்டத் தீர்மானிக்குமுன் தொல்லியல் துறையினரைக் கலந்துகொண்டால், கட்டியதை இடிக்கும் செலவு மிஞ்சும்.

மே 1-ஆம் நாள் கிராம சபை ஆடி விழாவுக்கு முன் வருகிறது. அக்டோபர் 2 கூட்டம் அன்னாபிஷேகத்திற்கு முன் வருகிறது. வண்டி நிறுத்துமிடம், குடிநீர், கடை ஒதுக்கீடு ஆகியவற்றை அக்கூட்டங்களில் தீர்மானித்துக்கொள்ளலாம். விழா முடிந்தபின் கூடும் சபையில் வரவு செலவைப் படிக்கவேண்டும். கடை வாடகை எவ்வளவு, உள்ளூரார் விற்றது எவ்வளவு, எத்தனை பேருக்கு எத்தனை நாள் கூலி கிடைத்தது, யாருடைய வயலுக்குச் சேதம், அதற்குக் கொடுத்த ஈடு எவ்வளவு என்று வரிசையாக எழுதலாம். ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் பொறுக்கிய குப்பையின் எடையை அக்கணக்கின் முதல் வரியாகவே எழுதிவிடுங்கள்.