பீச் கூடையும் மார்ச் பித்தும்

கேள்வி: என் மருமகன் அமெரிக்காவில், இண்டியானாவில் இருக்கிறார். வருஷம் முழுக்க ஒழுங்காக இருக்கும் மனிதர், மார்ச் பிறந்தால் ஆளே மாறிவிடுகிறார். கல்லூரிப் பையன்கள் ஆடும் கூடைப்பந்துக்காகச் சோறு தண்ணி இல்லாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அது முடிவதற்குள் ‘பேஸ்பால் வருது, பேஸ்பால் வருது’ என்று குதிக்கிறார். இந்தப் பித்து எங்கே ஆரம்பித்தது? (கோவை வாசகி)

பதில்: மருமகனைக் குறை சொல்லாதீர்கள் அம்மா. இண்டியானாவில் குடியிருந்துகொண்டு மார்ச் மாதம் அப்படி ஆகாத ஆள் இருந்தால், அவரைத்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அவருக்குப் பிடித்திருக்கும் இரண்டு பித்துகளும் உறவுக்காரர்கள். பேஸ்பால் ஆட முடியாத மாதங்களை ஓட்டுவதற்காகப் பிறந்ததுதான் கூடைப்பந்து.

1891. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. இலையுதிர் காலத்தில் அமெரிக்கக் கால்பந்து, வசந்தத்தில் பேஸ்பால். நடுவில் மாதக்கணக்கில் பனி. அந்த நாட்களில் ஜிம்முக்குள் அணிவகுப்பும் கைகால் பயிற்சியும்தான். பதினெட்டுப் பேர் கொண்ட ஒரு வகுப்புக்கு இது அறவே பிடிக்கவில்லை. இரண்டு ஆசிரியர்கள் முயன்று பார்த்துக் கையை விரித்துவிட்டார்கள். மூன்றாவதாக மாட்டிக்கொண்டவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், முப்பது வயதுக் கனடாக்காரர். உள்ளே ஆடக்கூடிய புது விளையாட்டு ஒன்றை யோசியுங்கள் என்று துறைத் தலைவர் லூதர் குலிக் அவருக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு வாரம்.

அவர் யோசித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பந்தோடு ஓடினால்தானே பிடித்துத் தள்ளுகிறான், ஓடவே விடாதே. இலக்கு எதிரே இருந்தால்தானே பலங்கொண்ட மட்டும் எறிகிறான், அதைத் தலைக்கு மேலே, வாய் மேல்நோக்கி இருக்கும்படி வை. அப்போது பலத்துக்கு வேலையில்லை, பந்தை வளைத்து மெல்லத் தூக்கிப் போட்டாக வேண்டும். பள்ளிக் காவலாளியிடம் இரண்டு பெட்டி கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழம் வந்த கூடைதான் இருக்கிறது என்றார் அவர். கூடையை மாடிக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார்கள். கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது. இன்று உலகம் முழுக்க வளையம் பத்தடி உயரத்தில் இருப்பதற்கு இதைத் தவிர வேறு சாஸ்திரம் கிடையாது.

பெட்டி கிடைத்திருந்தால் நாம் ‘பெட்டிப்பந்து’ என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

பதினெட்டுப் பேர் என்பதால் பக்கத்துக்கு ஒன்பது பேர். முதல் ஆட்டம் 1-0. கூடைக்கு அடி இருந்ததால் பந்து உள்ளேயே தங்கிவிடும், ஒருவர் ஏணி போட்டு ஏறி எடுக்க வேண்டும். பின்னாளில் நெய்ஸ்மித் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஆனார். அந்தப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் கண்டவர் அவர் ஒருவர்தான்: 55 வெற்றி, 60 தோல்வி. விளையாட்டைப் பெற்றவருக்கு இந்தக் கதி!

கேள்வி: அந்த ஒய்.எம்.சி.ஏ.வுக்கும் நம் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வுக்கும் தொடர்பு உண்டா? (சைதாப்பேட்டை வாசகர்)

பதில்: நேரடித் தொடர்பே உண்டு. 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி க்ரோ பக், அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். அவருடைய சென்னைக் கல்லூரியில் பயின்ற பி.டி. மாஸ்டர்களின் கையில்தான் இந்தப் பந்து நம் பள்ளிக்கூட மைதானங்களுக்கு வந்து சேர்ந்தது.

கேள்வி: ‘மார்ச் மேட்னஸ்’ என்ற பெயரை வைத்தது யார்? ஏதாவது விளம்பரக் கம்பெனியா? (திருச்சி வாசகர்)

பதில்: அப்படித்தான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். பெயர் கல்லூரிப் போட்டிக்கு வைத்ததே அல்ல. அது பள்ளிப் பிள்ளைகளின் சொத்து. இல்லினாய் மாநில உயர்நிலைப் பள்ளிகள் சங்கத்தில் பொறுப்பில் இருந்த ஹென்றி போர்ட்டர், மாநிலப் போட்டிக்குத் திரளும் கூட்டத்தைப் பற்றி 1939-ல் சங்கத்தின் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு இதுதான். சொல் பரவியதற்குப் பொதுவாக அவரைத்தான் காட்டுவார்கள்.

அதே 1939-ல், அதே இல்லினாயின் எவன்ஸ்டனில், கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியின் முதல் இறுதியாட்டம் நடந்தது. மொத்தமே எட்டு அணிகள். ஓரிகன் 46, ஒஹாயோ ஸ்டேட் 33. நடத்தியவர்களுக்கு இரண்டாயிரத்து ஐநூறு டாலருக்கு மேல் கையைக் கடித்தது. இன்று அதே போட்டியின் ஒளிபரப்பு உரிமை நூறு கோடி டாலர் கணக்கில் பேசப்படுகிறது.

பள்ளிச் சொல்லைக் கல்லூரிக்குக் கொண்டுபோனவர் ப்ரெண்ட் மஸ்பர்கர். சிகாகோவில் பத்திரிகை நிருபராக இருந்தவர், அதனால் சொல் காதில் விழுந்திருந்தது. 1982-ல் சி.பி.எஸ். டிவி வர்ணனையில் எடுத்துவிட்டார். ஒட்டிக்கொண்டது. பிறகு பெயர் யாருக்குச் சொந்தம் என்று வழக்குக்குப் போய், கடைசியில் பள்ளித் தரப்பும் கல்லூரித் தரப்பும் சேர்ந்து வைத்துக்கொள்வதாக முடிந்தது. எனக்கு உறுத்துவது வேறு. கல்லூரிப் பெண்கள் போட்டியும் 1982 முதல், ஆண்கள் போட்டியை நடத்தும் அதே அமைப்பின்கீழ் நடக்கிறது, ஆனால் இந்தப் பெயரைப் பெண்களுக்கும் கொடுக்க 2022 வரை ஆயிற்று. பித்துப் பிடிப்பதற்குக்கூட ஆண் பெண் பார்த்திருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் ஐ.டி. கம்பெனியில் அமெரிக்க டீம் ஆட்கள் மார்ச் மாதம் ‘பிராக்கெட்’ என்று ஒரு தாளை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அது என்ன? (சோழிங்கநல்லூர் வாசகி)

பதில்: ஆட்டங்களை ஜோடி ஜோடியாகக் கோடு போட்டு இணைக்கும்போது, ஒவ்வொரு ஜோடியும் சதுர அடைப்புக்குறி மாதிரி தெரியும். பெயர் அதனால் வந்தது. 1985-ல் இது 64 அணிப் போட்டி ஆனது. 2011-ல் 68 ஆக்கினாலும், முதலில் நாலு ஆட்டம் வைத்து 64-க்குக் கொண்டுவந்துவிடுவார்கள். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான், இரண்டாம் வாய்ப்பே கிடையாது. 64-ல் ஒருவர் மிஞ்ச 63 பேர் தோற்க வேண்டும், ஆக 63 ஆட்டம். அத்தனையிலும் யார் ஜெயிப்பார் என்று ஒரு பந்துகூட ஆடுவதற்கு முன்பே எழுதி வைப்பதுதான் பிராக்கெட்.

எத்தனை விதமாக நிரப்பலாம் தெரியுமா? சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, பிறகு நான்கு என்று ராஜாவைக் கவிழ்த்த கதை நமக்குத் தெரியும். அந்தப் பலகையின் அறுபத்து நாலாவது கட்டத்தில் எத்தனை நெல்லோ, சரியாக அத்தனை விதம். 92 ஆயிரம் கோடியை மறுபடி ஒரு கோடியால் பெருக்கிக்கொள்ளுங்கள். 2019-ல் ஒஹாயோக்காரர் ஒருவர் முதல் 49 ஆட்டங்களையும் சரியாகச் சொல்லிவிட்டார். ஐம்பதாவது ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், பர்ட்யூ டென்னஸியைச் சாய்த்தது. இவர் எழுதியிருந்தது டென்னஸி.

வழக்கம் எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால், பெரும்பாலும் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த ஒரு மதுக்கடையைச் சொல்வார்கள். 1977-ல் 88 வாடிக்கையாளர்கள், ஆளுக்குப் பத்து டாலர், ஜெயித்தவருக்கே முழுப் பணம். 2006-ல் அந்தப் பானையில் 15 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. வரிக்காரர்களின் பார்வை விழுந்ததும் கடையை, அதாவது பந்தயத்தை, மூடிவிட்டார்கள்.

நானும் ஒரு வருஷம் நிரப்பினேன். எந்த அணிக்குப் புலி, கரடி, கழுகு என்று பெயர் இருக்கிறதோ அதற்கு ஓட்டு. முதல் நாள் சாயங்காலமே தாள் குப்பைக்கூடைக்குப் போயிற்று.

இதில் அடிக்கடி தப்பாகச் சொல்லப்படும் ஒன்று. ஒரு வட்டாரத்துத் தரவரிசையில் முதலிடத்து அணியைப் பதினாறாம் இடத்து அணி வீழ்த்தியது 2018-ல்தான் முதல்முறை என்பார்கள். மேரிலாண்டின் பால்டிமோர் கவுண்டி அணி, வர்ஜீனியாவை 74-54 என்று துவைத்துக் காயப்போட்டதே, அந்த ஆட்டம். ஆண்களில் அதுதான் முதல். ஆனால் ஹார்வர்டு பெண்கள் அதற்கு இருபது வருஷம் முன்பே, 1998-ல், ஸ்டான்ஃபோர்டை அதன் சொந்த மைதானத்திலேயே 71-67 என்று முடித்துவிட்டார்கள். வர்ஜீனியாவுக்காக ஒரு வார்த்தை: அவ்வளவு அவமானப்பட்டுத் திரும்பியவர்கள் அடுத்த வருஷமே பட்டத்தை வென்றார்கள்.

கேள்வி: ஜெயித்ததும் ஏன் வலையைக் கத்தரிக்கிறார்கள்? (மதுரை வாசகர்)

பதில்: இண்டியானா பள்ளிகளில் பயிற்சியாளராக இருந்த எவரெட் கேஸ் கொண்டுபோன பழக்கம். 1947-ல் அவருடைய நார்த் கரோலினா ஸ்டேட் அணி தன் வட்டாரப் பட்டத்தை வென்றபோது, வலையை ஞாபகமாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். கையில் ஏணி இல்லை, பையன்கள் தோளில் தூக்கி நிறுத்தினார்கள். இப்போது ஏணி உண்டு. கூடைக்கு அடியில்லாமல் ஆனபின் வேலையிழந்த ஏணிக்கு வருஷத்தில் ஒரு நாள் மறுபடி வேலை.

கேள்வி: பேஸ்பால் நம் கிரிக்கெட்டிலிருந்து வந்ததுதானே? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: பிள்ளை இல்லை, பங்காளி. இரண்டும் இங்கிலாந்தின் மட்டைப்பந்து ஆட்டங்களில் கிளைத்தவை. 1744-ல் லண்டனில் வெளியான குழந்தைகள் புத்தகம் ஒன்றிலேயே ‘பேஸ்-பால்’ இருக்கிறது. அமெரிக்கர்களுக்கு இது கசந்தது. 1905-ல் குழு போட்டு, ஒரு முதியவரின் கடிதத்தை நம்பி, 1839-ல் கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் ஆப்னர் டபுள்டே என்பவர் கண்டுபிடித்தார் என்று தீர்ப்பெழுதினார்கள். அந்த வருஷம் டபுள்டே வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர். கதை பொய்யென்று தெரிந்தபிறகும் பேஸ்பாலின் நினைவுக்கூடம் இன்னும் கூப்பர்ஸ்டவுனில்தான் இருக்கிறது. திறந்தது? அதே 1939.

கேள்வி: பேஸ்பால் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே ரசிகர்கள் ஃப்ளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் ஓடுகிறார்களே? (புதுச்சேரி வாசகி)

பதில்: வசந்தகாலப் பயிற்சி முகாம். வடக்கே பனி கொட்டிக்கொண்டிருக்க, பிப்ரவரி நடுவில் பந்து வீசுபவர்களும் கேட்சர்களும் முகாமுக்கு வந்துவிட்டார்கள் என்று செய்தி வரும். ரசிகனுக்கு அதுதான் தைப்பொங்கல். ஆரம்பம் அத்தனை புனிதமானதல்ல. 1886-ல் சிகாகோ அணியை ஆர்கன்சாஸின் வெந்நீர் ஊற்றுகளுக்கு அழைத்துப் போனார்கள், குளிர்காலம் முழுக்கக் குடித்த பீரை வியர்வையாக வெளியேற்றுவதற்கு. அந்த வருஷம் லீக் பட்டமும் அவர்களுக்கே.

ஃப்ளோரிடா முகாம்களுக்கு ‘கிரேப்ஃப்ரூட் லீக்’ என்று பெயர். அதன் பின்னால் ஒரு கதை உண்டு. 1915-ல் டேடோனா கடற்கரையில், விமானத்திலிருந்து போடும் பந்தைப் பிடிக்கிறேன் என்று நின்றார் புரூக்ளின் மேலாளர் வில்பர்ட் ராபின்சன். விமானி ரூத் லா, பந்துக்குப் பதில் பம்பளிமாஸின் தம்பி மாதிரியான கிரேப்ஃப்ரூட் பழத்தைப் போட்டுவிட்டார். மார்பில் பட்டுச் சிதறியது. சூடாகச் சாறு வழிய, ரத்தம் என்று நினைத்து அலறினார் ராபின்சன். சுற்றி நின்றவர்கள் சிரித்துச் சிரித்து விழுந்தார்கள்.

கேள்வி: பேஸ்பாலில் புதுப் பந்தில் சேறு பூசுகிறார்களாமே, நிஜமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: நிஜம். புதுப் பந்து வழவழவென்று இருக்கும், கையில் நிற்காது. 1920-ல் ரே சாப்மன் என்ற ஆட்டக்காரர் தலையில் பந்து பட்டு இறந்தபிறகு, பந்து எங்கே போகும் என்பது எல்லோருக்கும் கவலையானது. அம்பயர்கள் மைதானத்து மண்ணையும் தண்ணீரையும் குழைத்துத் தேய்த்துப் பார்த்தார்கள், தோல் கறுத்துப்போயிற்று. 1938-ல் லீனா பிளாக்பர்ன் என்ற பயிற்சியாளர், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஆண்தான், டெலவேர் ஆற்றின் கிளையொன்றில் நியூஜெர்சிப் பக்கம் ஒரு சேற்றைக் கண்டுபிடித்தார். பாயசப் பதத்தில் இருக்கும், பிடி கிடைக்கும், கறை ஏறாது. இன்றைக்கும் பெரிய லீக் ஆட்டம் ஒவ்வொன்றிலும் பந்து இந்தச் சேறு பூசித்தான் களத்துக்கு வருகிறது. மார்ச் கடைசியில், கூடைப்பந்தில் வலையை யார் அறுப்பார்கள் என்று உங்கள் கோவைச் சகோதரியின் மருமகன் நகம் கடித்துக்கொண்டிருக்கும்போதே, பேஸ்பாலில் முதல் நாள் ஆட்டத்துக்குப் பந்துகளைத் தேய்க்கத் தொடங்கியிருப்பார்கள்.

ஆற்றில் எந்த இடத்தில் அந்தச் சேற்றை அள்ளுகிறார்கள் என்று அடுத்த கடிதம் போட்டுவிடாதீர்கள். அள்ளுகிறவர்கள் அதை வெளியே சொல்வதில்லை.