பச்சை மண்ணும் சுட்ட மண்ணும்
படித்தது நினைவில் நிற்பது எப்படி?



கடலூர் மாவட்டத்திலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். பீங்கான் பொம்மைகள், அகல் விளக்குகள், மின்சாரப் பியூஸ் கட்டைகள் எனப் பல பொருள்கள் அங்கே உருவாகின்றன. அதை அடுத்த கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊர்களில் வசிக்கும் மாணவர்கள் இப்பொருள்களைக் கடைகளிலேனும் கண்டிருப்பார்கள். நாமும் ஒரு பீங்கான் பொம்மையிலிருந்தே இப் பாடத்தைத் தொடங்குவோம்.

ஒரே அச்சில் வார்த்த இரண்டு பொம்மைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நன்றாகக் காய்ந்தது. ஆனால் சூளைக்குப் போகாதது. மற்றொன்று சூளையில் சுட்டது. இரண்டும் பார்வைக்கு முழுமையான பொம்மைகளே. இரண்டையும் ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். சற்று நேரத்தில் காய்ந்த பொம்மை கரைந்து சேறாகிவிடும். சுட்ட பொம்மைக்கு ஒன்றும் ஆகாது.

இதற்குக் காரணம் என்ன? காயும்போது களிமண் துகள்களுக்கு இடையே உள்ள ஈரம் மட்டுமே வெளியேறுகிறது. மீண்டும் நீர் பட்டால் மண் பழைய நிலைக்கே திரும்பிவிடும். சூளையில் வெப்பம் சுமார் 500 டிகிரி செல்சியசைத் தாண்டும்போதோ, களிமண்ணின் மூலக்கூற்று அமைப்பிலேயே கலந்திருக்கும் நீர் வெளியேறி, அந்த அமைப்பே மாறிவிடுகிறது. இனி அது களிமண் அன்று, வேறு பொருள்.

நாம் படிக்கும் பாடத்துக்கும் இதே இரண்டு நிலைகள் உண்டு.

கருவேப்பிலங்குறிச்சியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒளிச்சேர்க்கைப் பாடத்தை ஓர் இரவில் ஐந்து முறை படிக்கிறாள். ஐந்தாம் முறை எல்லா வரிகளும் பழகியவையாகத் தோன்றுகின்றன. 'பாடம் வந்துவிட்டது' என்று மகிழ்ச்சியுடன் புத்தகத்தை மூடுகிறாள். பத்து நாள் கழித்துத் தேர்வில் அதே பாடத்திலிருந்து கேள்வி. பக்கத்தின் படம் கண் முன் நிற்கிறது. விடை மட்டும் வரவில்லை. 'எனக்கு ஞாபகசக்தியே இல்லை, படிப்பு நமக்கு ஒத்துவராது' என்று முடிவு செய்துவிடுகிறாள்.

இந்த முடிவு தவறானது, ஆபத்தானதும்கூட. அவள் மூளையில் குறை ஒன்றும் இல்லை. அவளுடைய பொம்மை காய்ந்திருந்தது, சுடப்படவில்லை. அவ்வளவுதான்.

மறதியை அளந்தவர்

மறதியை முதன்முதலில் முறையாக அளந்தவர் ஜெர்மன் நாட்டு அறிஞர் ஹெர்மன் எபிங்காஸ். அவர் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். பொருளற்ற அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்வார். குறிப்பிட்ட காலம் கழித்து அதே வரிசையை மீண்டும் மனப்பாடம் செய்வார். இரண்டாம் முறை எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிடுவார். மிச்சமான உழைப்பே நினைவில் எஞ்சியதன் அளவு. தம் முடிவுகளை 1885ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார்.

அவர் கண்ட கணக்கு இது: 20 நிமிடம் கழித்து எஞ்சியது 58 சதவீதம், ஒரு மணி நேரம் கழித்து 44, ஒரு நாள் கழித்து 34, ஆறு நாள் கழித்து 25, ஒரு மாதம் கழித்து 21.

இந்த எண்களைச் சற்று உற்று நோக்குங்கள். மறதி முதல் மணி நேரத்தில்தான் வேகமாக ஓடுகிறது. பிறகு நிதானமாக நடக்கிறது. 2015ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் இச் சோதனையைத் திரும்பச் செய்து, ஏறக்குறைய இதே போன்ற வளைகோட்டையே பெற்றார்கள். பொருளற்ற அசைகளைவிடப் பொருளுள்ள பாடம் மெதுவாகவே மறக்கும். ஆனாலும் பாதை ஒன்றுதான். ஆகவே மறப்பது நம் ஒருவரின் குற்றம் அன்று. மனித மூளையின் இயல்பு. எபிங்காஸும் மறந்தார்!

முதலில் மண் சுத்தமாக வேண்டும்

மண்ணில் கல்லும் குப்பையும் கலந்திருந்தால், எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் பொம்மை உருப்படாது. அதுபோல, கவனத்துடன் உள்ளே செல்லாத செய்தியை எந்த முறையாலும் நினைவில் நிறுத்த முடியாது.

காலின் செர்ரி என்பவர் ஒரு சோதனை செய்து, அதன் முடிவை 1953ஆம் ஆண்டு வெளியிட்டார். ஒருவரின் இரு காதுகளிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கச் செய்தார். ஒரு காதில் கேட்பதை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்ல வேண்டும். முடிந்தபின் மற்றக் காதில் ஒலித்தது என்ன என்று கேட்டார். அவர்களால் சொல்ல முடியவில்லை. அந்தக் காதில் ஆங்கிலம் நின்று ஜெர்மன் மொழி ஒலித்ததைக்கூடப் பலர் உணரவில்லை! ஒலி காதை அடைந்தது, கவனத்தை அடையவில்லை. தொலைக்காட்சி ஓடும் அறையில் அமர்ந்து படிப்பவர் நிலையும் இதுவே. கண் வரிகளின்மேல் ஓடும். மனம் வேறிடத்தில் இருக்கும்.

நினைவுக்குக் கவனமே வாயில் என்பதை நம் நாட்டவர் முன்பே அறிந்திருந்தனர். வியத்தகு நினைவாற்றலைக் காட்டும் கலைக்கு அவர்கள் இட்ட பெயர் 'அவதானம்'. இச்சொல்லின் பொருள் கவனம் என்பதே. தமிழில் இக் கலையைக் கவனகம் என்றும் கூறுவர். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். சதம் என்றால் நூறு. இத்தகைய அரங்குகளில் ஒருவர் கணக்குக் கேட்பார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் மணி அடித்துக்கொண்டிருப்பார். ஒருவர் முதுகில் நெல்லோ கல்லோ எறிவார். அவதானி இவற்றை மாறி மாறிக் கவனித்து, எதையும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இறுதியில் மணி எத்தனை, கல் எத்தனை என்றும் சொல்ல வேண்டும். பல்லாண்டுப் பயிற்சியால் வருவது இது.

நமக்கு நூறு வேண்டாம், ஒன்று போதும். இருபத்தைந்து நிமிடம் ஒரே பாடம். கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். பாடத்தின் தலைப்பைக் கேள்வியாக மாற்றிக்கொண்டு படிக்கத் தொடங்குங்கள். 'ஒளிச்சேர்க்கை' என்பதை 'இலை உணவை எப்படித் தயாரிக்கிறது?' என்று மாற்றினால், மனம் விடையைத் தேடிக்கொண்டே செல்லும். மனம் வழிதவறியது தெரிந்தால் வருந்த வேண்டாம். தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, பாடத்துக்குத் திரும்புங்கள். கோடுகள் நாளடைவில் குறைவதை நீங்களே காணலாம்.

சூளை எது?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். பாடத்தைச் 'சுடுவது' எப்படி?

2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்னும் இரு உளவியல் அறிஞர்கள் கல்லூரி மாணவர்களைக் கொண்டு நடத்திய சோதனை இதற்கு விடை கூறுகிறது. கதிரவன், கடல் நீர்நாய் ஆகியவை பற்றிய சிறு கட்டுரைகளே பாடம். நேரத்தை ஐந்து ஐந்து நிமிடங்களாக நான்கு பகுதிகளாக்கினார்கள். ஒரு குழு நான்கு பகுதிகளிலும் படித்தது. மற்றொரு குழு முதற்பகுதியில் மட்டும் படித்தது. மீதி மூன்று பகுதிகளிலும் கட்டுரையைப் பாராமல், நினைவுக்கு வந்ததை எல்லாம் தாளில் எழுதியது. முதற்குழுவினர் கட்டுரையைச் சராசரியாக 14 முறை படித்திருந்தார்கள். இரண்டாம் குழுவினர் படித்தது மூன்று முறைக்குச் சற்று அதிகம்.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்துக்கொண்டே இருந்த குழு 83 சதவீதம் நினைவுகூர்ந்தது. எழுதிப் பார்த்த குழு 71 சதவீதமே. 'படிப்பதுதானே சிறந்தது' என்கிறீர்களா? பொறுங்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, படித்த குழு 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. எழுதிப் பார்த்த குழு 61 சதவீதத்தில் நின்றது.

வேடிக்கை ஒன்றும் உண்டு. 'ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும்?' என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் கூறியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்களே! வரிகள் பழகியவையாகத் தோன்றுவதை நாம் 'தெரியும்' என்று எண்ணிவிடுகிறோம். நம் கருவேப்பிலங்குறிச்சி மாணவி ஏமாந்ததும் இங்கேதான்.

ஆக, சூளை என்பது புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது. அது கடினமாகத்தான் இருக்கும். 'என்னவோ வருமே, வருமே' என்று மனம் தடுமாறும். அந்தத் தடுமாற்றமே சூளையின் வெப்பம் எனலாம். எழுதி முடித்தபின் புத்தகத்தைத் திறந்து பிழைகளைத் திருத்திக்கொள்ள மறவாதீர்கள்.

அவசரப்பட்டால் வெடிக்கும்

ஈரப் பொம்மையைத் திடீரென்று கடுஞ்சூட்டில் வைத்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிப் பொம்மையை வெடிக்கச் செய்யும். அதனால்தான் தொழிலாளர்கள் பொம்மையைப் பொறுமையாக உலர்த்தியபின் சூளையில் அடுக்குகிறார்கள். படிப்பிலும் ஒரே இரவில் எல்லாவற்றையும் திணிப்பது பயன் தராது. இடைவெளி வேண்டும்.

இதைக் காட்டியது ஒரு கடல் நத்தை! அப்ளிசியா என்னும் இந்த உயிரியின் உடலில் ஓரிடத்தில் நீரைப் பீய்ச்சினால் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். மீண்டும் மீண்டும் பீய்ச்சினால், 'இதனால் தீங்கில்லை' என்று பழகி, இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். இதுவும் ஒரு வகைக் கற்றலே. ஒரே நாளில் 40 முறை பயிற்சி பெற்ற நத்தைகளைவிட, நாளொன்றுக்கு 10 முறையாக நான்கு நாள் பயிற்சி பெற்றவை நீண்ட காலம் நினைவில் வைத்திருந்தன என்று எரிக் கேண்டல் என்பவரும் அவருடைய தோழர்களும் 1972இல் கண்டார்கள். மொத்தப் பயிற்சி இரண்டிலும் 40தான்!

நீண்டகால நினைவு உண்டாகும்போது நரம்பணுக்களில் புதிய புரதங்கள் உருவாகின்றன. அணுக்களுக்கு இடையேயான இணைப்புகளின் எண்ணிக்கையே மாறுகிறது என்பதும் பின்னர்த் தெரியவந்தது. சூளையில் மண்ணின் அமைப்பு மாறுவதைப்போல, மூளையிலும் ஒரு மாற்றம்! இத்தகைய ஆராய்ச்சிக்காகக் கேண்டலுக்கு 2000ஆம் ஆண்டின் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. இம் மாற்றங்களுக்கு நேரம் தேவை, தூக்கமும் தேவை. தேர்வுக்கு முந்தைய இரவு விழித்திருப்பவர், சூளையை இடையிலேயே அணைத்துவிடுகிறார்.

இந்த உவமைக்கு ஓர் எல்லை உண்டு. பொம்மையை ஒருமுறை சுட்டால் போதும். நினைவையோ சில முறை சுட வேண்டும். படித்த அன்று இரவு, மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், ஒரு மாதம் கழித்து என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் போதும்.

பிறருக்குச் சொல்லுங்கள்

நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவர் இருப்பார். மூத்த மாணவரான அவரே இளைய மாணவர்களுக்குப் பாடம் சொல்வார். அவர்களை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பார். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், இந்நாட்டுச் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கவும் செய்தார். 1797இல் லண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். இம்முறை 'சென்னை முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது.

பிறருக்குச் சொல்லும்போது நாம் நினைவிலிருந்து எடுத்தே தீர வேண்டும். எங்கே திக்குகிறோமோ அங்கே நமக்குப் புரியவில்லை என்பதும் உடனே தெரிந்துவிடும். தம்பி தங்கைக்குச் சொல்லுங்கள். கேட்பதற்கு ஆளில்லையா? சுவருக்குச் சொல்லுங்கள், கேலி செய்யாது!

செய்து பாருங்கள்

எதையும் சோதித்துப் பார்த்து ஏற்பதே அறிவியல் அல்லவா? நீங்களும் ஒரு நண்பரும் சேர்ந்து இதைச் செய்யலாம். இதுவரை படிக்காத பாடங்களிலிருந்து அரைப் பக்க அளவில் இரண்டு பகுதிகளைத் தேர்ந்தெடுங்கள்.

1. முதற்பகுதியை நீங்கள் ஐந்து ஐந்து நிமிடமாக நான்கு தடவை படியுங்கள். நண்பர் அதே பகுதியை ஐந்து நிமிடம் படித்து, பிறகு மூன்று தடவை பாராமல் எழுதட்டும்.

2. இரண்டாம் பகுதிக்கு முறையை மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதுங்கள், நண்பர் படிக்கட்டும். ஒரு பகுதி மற்றதைவிட எளிதாக இருந்தாலும் முடிவு பிழையாகாமல் இருப்பதற்கே இந்த மாற்றம்.

3. ஏழு நாள்கள் புத்தகத்தைத் தொடாதீர்கள். எட்டாம் நாள் இரு பகுதிகளையும் பாராமல் எழுதி, சரியான கருத்துகளை எண்ணுங்கள். ஒருவர் தாளை மற்றவர் திருத்தட்டும்.

இருவர் செய்யும் சோதனையில் எண்கள் முன்பின் இருக்கலாம். வகுப்பு முழுவதும் செய்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஆசிரியரிடம் கேட்டு, முடிவுகளை ஒரு வரைபடமாக வகுப்பறையில் ஒட்டுங்கள்.

அடுத்த முறை பாடம் மறந்துபோனால், 'எனக்கு மூளை இல்லை' என்று சொல்லாதீர்கள். 'இதை எத்தனை முறை படித்தேன்?' என்றும் கேட்காதீர்கள். 'புத்தகத்தை மூடிவிட்டு எத்தனை முறை சொல்லிப் பார்த்தேன்?' என்று கேளுங்கள். இந்த வரியோடு இதழை மூடிவிட்டு, இக் கட்டுரையில் நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்களேன்!